பிரகாசியின் கல்லறையில் ஓர் இடம்

பஹ்ரைன்
8-10-1978

சேசு மரி சூசை

என் அன்பு மிக்கேலாவுக்கு,

நான் நலம். உன் சுகத்துக்கு மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். நீ கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை அறையில் இருப்பவர்கள் எனக்கு முன்னாடியே காலி பண்ணிவிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் வேலை முன்பு போலத்தான். வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மட்டாஞ்சேரியில் மழை விட்டதா, நம் சந்தில் தண்ணீர் ஏறியதா என்று எழுது.

கல்லறைத் திருநாள் வருகிறது. வழக்கம்போல பிரகாசியின் கல்லறையைக் கழுவி, மெழுகுதிரி ஏற்றி, பங்குக் கோவில் அச்சனிடம் சொல்லி மரித்தவர்களுக்கான ஒப்பீஸ் ஜெபம் பாட வைத்துவிடு. செவ்வந்தி கிடைக்காவிட்டால் எர்ணாகுளம் மார்க்கெட்டில் பார். அவளுக்கு மஞ்சள்தான் பிடிக்கும். மூத்த தாரத்துக்கு இப்படியெல்லாம் செய்ய உன்னைத் தவிர யாருக்கு மனசு வரும்?

உன்
சந்தியாகு

*

மட்டாஞ்சேரி
6-11-1978

சேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு மிக்கேலம்மாள் எழுதியது.

நீங்கள் சொன்னபடியே எல்லாம் ஆயிற்று. மஞ்சள் செவ்வந்தி இங்கேயே கிடைத்தது. எனக்கு என்ன பூ பிடிக்கும் என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை. அது போகட்டும்.

கல்லைக் கழுவும்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது. மேலே பிரகாசி. அதற்குக் கீழே சந்தியாகு, பிறந்த வருஷம், ஒரு கோடு, பிறகு காலி இடம். உயிரோடு இருக்கிற என் புருஷன் பெயரைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு சேச்சி, "மோளே, உன் அப்பனும் அம்மையுமா?" என்று கேட்டாள். "இல்ல சேச்சி, கீழ எழுதியிருக்கிறது என் வீட்டுக்காரர். பஹ்ரைன்ல இருக்கார்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அந்தக் கல்லறையில் இரண்டு பேருக்குத்தான் இடம். நீங்களும் அவளும் அங்கே போய்ப் படுத்துவிட்டால் என்னை எங்கே போடுவீர்கள்? கட்டி வந்த நாளிலிருந்து கேட்க நினைத்து, வாய் வராமல் இருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மிணிச் சேச்சி அவர்களுடைய பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு தடவை போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிக்கேலம்மாள்

*

பஹ்ரைன்
2-12-1978

சேசு மரி சூசை

மிக்கேலாவுக்கு,

ஒரு கல்லின் மேல் இவ்வளவு கோபமா? பிரகாசி போனபோது எனக்குப் புத்தியே பேதலித்திருந்தது. இனிக் கல்யாணமே இல்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு, கல்தச்சனைப் பிடித்து என் பெயரையும் சேர்த்து வெட்டச் சொன்னேன். பிறகு உன்னைப் பார்ப்பேன் என்று யார் கண்டது? கல்லில் வெட்டியதை ரப்பர் வைத்து அழிக்கவா முடியும்?

செத்தவளோடு மல்லுக்கு நிற்காதே. ஜெபவீட்டுக்கும் போகாதே. நம் கத்தோலிக்கக் கோவிலை விட்டுப் போனவர்களுக்குச் செமித்தேரியில் இடம் கிடையாது. சுவரோரம் ஊர் தள்ளிவைத்தவர்களைப் போடுகிற தெம்மாடிக்குழிதான்.

கிறிஸ்மஸுக்குச் சேலை கொடுத்தனுப்புகிறேன். நிறம் நீயே சொல். பிறகு குறை சொல்லக்கூடாது.

சந்தியாகு

*

மட்டாஞ்சேரி
25-3-1979

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

அன்புள்ள அத்தானுக்கு,

திட்டாமல் முழுவதும் படியுங்கள். போன ஞாயிறு கும்பளங்கிக் காயலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன். பாஸ்டர் என்னைத் தண்ணீரில் அமிழ்த்தித் தூக்கினார். கரையில் எல்லோரும் பாடினார்கள். பழைய மிக்கேலம்மாள் செத்துப்போனாள், இவள் புதியவள் என்றார்கள்.

சபையில் பொன் போடக்கூடாது. கல்யாணத்தன்று நீங்கள் எனக்குப் போட்ட சங்கிலி பிரகாசியுடையதுதானே? அதைத்தான் முதலில் கழற்றினேன். அழுவேன் என்று நினைத்து அம்மிணிச் சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதைப் பிரகாசியின் அம்மாவிடமே கொடுத்தனுப்பிவிட்டேன்.

மரித்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றச் சொல்லி வேதத்தில் எங்கேயும் இல்லையாம். மெய்யான சபையைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட முடியாதாம். இனி நான் அந்தக் கல்லறைப் பக்கம் போக மாட்டேன். நீங்களும் மனந்திரும்பி முழுக்கு எடுக்க வேண்டும். எடுத்தால் செமித்தேரியில் உங்கள் இடம் போய்விடும். போகட்டுமே. கர்த்தர் வரும் நாளில் நாம் இரண்டு பேரும் ஒன்றாக எழும்புவோம். நாம் இரண்டு பேர் மட்டும்.

மிக்கேலம்மாள்

*

பஹ்ரைன்
20-4-1979

மிக்கேலாவுக்கு,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முழுக்கு எடுத்தாய், சங்கிலியையும் கொடுத்துவிட்டாய். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ தேடிப் போனது மெய்யான சபையையா, பிரகாசி இல்லாத சபையையா?

உயிர்த்தெழுந்த பிறகு பெண் கொள்வதும் கொடுப்பதும் கிடையாது என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். உன் பாஸ்டரிடம் கேட்டுப் பார். அங்கே பிரகாசியும் எனக்கு மனைவி இல்லை, நீயும் இல்லை. பிறகு எதற்கு இந்த அடிபிடி?

சந்தியாகு

*

மட்டாஞ்சேரி
14-5-1979

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்

அத்தான்,

ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. செத்தவளுக்கு நரை விழாது, கோபம் வராது, குழம்பில் உப்புக் கூடிப்போகாது. உங்கள் வாயில் அவளைப் பற்றி ஒரு குறை வந்து நான் கேட்டதில்லை. அவளோடு நான் எப்படிப் போட்டி போடுவேன்?

அங்கே மனைவி கிடையாது என்றால் அவள் பெயருக்குக் கீழே உங்கள் பெயருக்கு என்ன வேலை? ஆண்டவர் சொன்னதை எனக்குச் சொல்ல வேண்டாம், அந்தக் கல்லுக்குச் சொல்லுங்கள்.

முழுக்கு எடுக்காமல் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம். தினமும் உங்களுக்காக முழங்காலில் நிற்கிறேன். எனக்கு நீங்கள் வேண்டும். மிச்சம் மீதி வேண்டாம், முழுசாக வேண்டும்.

மிக்கேலம்மாள்

*

பஹ்ரைன்
9-2-1980

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி மிக்கேலம்மாளுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துதல். இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். லீவில் வந்தால் வாசலிலேயே நிற்க வைத்துவிடுவாய் என்ற பயத்தில்தான் இங்குள்ள ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைகளில் மலையாளிகளும் தமிழர்களும் ஓர் அறையில் கூடுகிறார்கள். கடலில் முழுக்குக் கொடுத்தார்கள். உன் வாயை அடைக்க ஒரு முங்கு முங்கினால் போதும் என்றுதான் இறங்கினேன். எழும்பி நின்றபோது ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தேன். பிரகாசி போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இப்போது இல்லை.

அச்சனுக்கு எழுதிவிட்டேன். கல்லறையில் எனக்கு இடம் வேண்டாம், பெயரைக் கொத்தி எடுத்துவிடுங்கள் என்று. நீ கேட்டது நடந்துவிட்டது.

இங்கே சபையை நடத்தி வந்த சகோதரர் துபாய்க்கு மாறிப் போகிறார். பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே லீவு எடுக்கவில்லை, ஒப்பந்தத்தையும் நீட்டிவிட்டேன். எப்போது வருவேன் என்று சொல்வதற்கில்லை. புருஷன் மனைவி என்பது இந்த உலகத்தோடு முடிகிற உறவு. இனி முதலில் நாம் கர்த்தருக்குள் சகோதரனும் சகோதரியும். என்னை இரட்சிப்புக்குள் நடத்தியவள் நீ. அந்த நன்றி என்றைக்கும் உண்டு.

கிறிஸ்துவின் ஊழியத்தில்
சந்தியாகு

*

மட்டாஞ்சேரி
16-3-1980

சேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு,

சகோதரி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஊரில் அண்ணன் தம்பி நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்னொருவர் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை அம்மிணிச் சேச்சி சபையில் எழுந்து நின்று வாசித்தாள். எல்லோரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பிரகாசியிடமிருந்து உங்களைப் பிடுங்கி யார் கையில் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவளோடாவது சண்டை போடலாம். கர்த்தரோடு நான் என்னவென்று போடுவேன்?

செமித்தேரிக்குப் போனேன். கல்தச்சன் உங்கள் பெயரைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தான். நேரே அச்சனிடம் போய், அந்த இடத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். "அது பிரகாசியுடெ கல்லறையல்லே? நீ அவளோடயா கிடக்கப் போறே?" என்றார். "ஆமா அச்சோ, அவளோடதான்" என்றேன். பாவசங்கீர்த்தனம் செய்து, பூசைக்கு ஒழுங்காக வந்தால் தருகிறேன் என்றார். செய்துவிட்டேன், போய்க்கொண்டும் இருக்கிறேன். அம்மிணிச் சேச்சி இப்போது என்னோடு பேசுவதில்லை. எந்தச் சபை மெய்யானது என்று எனக்குத் தெரியவில்லை அத்தான். நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அதுதான் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை வெட்டியாயிற்று. முந்திப் போனவர் அடியில், பிந்திப் போகிறவர் மேலே, அதுதான் கல்லறை வழக்கம். எக்காளம் ஊதுகிற அன்றைக்கு நீங்கள் உங்கள் சபையோடு எங்கேயாவது எழும்புங்கள். ஆனால் பழைய ஆசையில் அவளைத் தேடி இந்தப் பக்கம் வந்தாலும் வருவீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். வாருங்கள். என்னைத் தாண்டித்தான் அவளைப் பார்க்க முடியும்.

உங்கள் மனைவி
மிக்கேலம்மாள்