உன் அம்மா தனியாக வரும் காரணம்

மஞ்சூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் உமாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளை சஞ்சயும் வயிற்றிலிருக்கும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி, அம்மாவின் பெட்டியில் உனக்கு எடுத்த சேலைக்குள் மடித்து வைக்கிறேன். அவளுக்குத் தெரியும். நீ தனியாக உட்கார்ந்து படி.

இந்த வருஷம் பனி அதிகம். பள்ளத்துப் பக்கம் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கிறது, ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அம்மா இரண்டு வாரமாகப் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணி என்று என்னென்னவோ அடைத்திருக்கிறாள், துணிக்கு என் வேட்டிதான் வேண்டுமாம், மெத்தென்று இருக்கிறதாம். கோயமுத்தூரைத் தாண்டித் தனியாகப் போகாதவள் கனடாவில் உன்னிடம் வர இரண்டு ஊரில் விமானம் மாற வேண்டும். நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே, “நீங்க இல்லாம நான் எந்தக் கதவுல ஏறி எந்தக் கதவுல எறங்கறதுங்க” என்று கேட்டாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

எனக்கு ரத்த அழுத்தம், டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்கிறார் என்று உன்னிடம் சொன்னது பொய், உமா. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. கனடாக்காரர்கள் அம்மாவுக்கு விசா கொடுத்துவிட்டு எனக்கு மறுத்துவிட்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் குன்னூர் கோர்ட்டில் நான் தண்டனை வாங்கியவன், அதுதான் காரணம். நீ அப்போது கோயமுத்தூர் ஹாஸ்டலில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். ஃபேக்டரி லாரியில் தேயிலைத்தூள் மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம், நான் சாப்பாட்டோடு நிறுத்தவில்லை. கூட வந்த சுமை ஆள் இசக்கி, “அண்ணே, கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போலாம்” என்றான். இந்த ரோடு என் கைரேகை மாதிரிடா என்று சொல்லிவிட்டு ஏறினேன். பர்லியார் தாண்டி ஒரு வளைவில் வண்டி மலைப்பக்கச் சுவரில் உரசிப்போய் நின்றது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த இசக்கிக்கு மணிக்கட்டு முறிந்தது. மலைப்பக்கம் போகாமல் பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இன்று இதை எழுத நானும் இல்லை, அவனும் இல்லை.

போலீஸ் வந்து ஊதச் சொன்னார்கள், ஊதினேன். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன், லைசென்ஸ் ஆறு மாதம் போனது. ஃபேக்டரியில் என்னை வண்டியிலிருந்து இறக்கி, பச்சை இலை வாட்டும் மாடிக்கு அனுப்பினார்கள். உன்னிடம் முழங்கால் வலி, அதனால் வண்டியை விட்டுவிட்டேன் என்றேன். நீ முதல் சம்பளத்தில் முழங்காலுக்கு உறை வாங்கி வந்து நீயே மாட்டிவிட்டாய். நீ லீவில் வரும்போதெல்லாம் வலியே இல்லாத காலில் அதை மாட்டிக்கொண்டு நடந்தேன். அன்றைக்குப் பிறகு நான் குடிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நீ கேட்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

விசாவுக்கு எழுதும்போது எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி. ஏஜென்ட் என்னைக் கேட்காமலே ‘இல்லை’ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “குன்னூர் கோர்ட்டு கேசு கனடாக்காரனுக்கு எங்கீங்க தெரியப்போவுது, பேசாம உடுங்க” என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. ஆறு மாதம் உன் வீட்டில் இருக்கலாம், குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம் என்றெல்லாம் மனசு ஓடியது. அம்மாதான், “பொய்யச் சொல்லிப் போயி அந்தப் புள்ளையத் தூக்கோணுமா, உள்ளத எழுதுங்க” என்றாள். நாளைக்குத் தெரியவந்தால் உனக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன வருமோ என்ற பயமும் இருந்தது. ஆமாம் என்று மாற்றச் சொன்னேன். மறுப்பு வந்த அன்று அம்மா தானும் போகவில்லை என்றாள். நான்தான் கட்டாயப்படுத்தினேன். பிள்ளைப்பேற்றுக்கு உன் பக்கத்தில் ஒருவராவது வேண்டும்.

தண்டனை முடிந்து ஐந்து வருஷம் ஆனவர்கள் திருந்திவிட்டோம் என்று காட்டி மனு போடலாமாம், போட்டிருக்கிறேன். பதில் வர ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம், கிடைக்கும் என்று உறுதியும் இல்லை. நடந்ததையும் யாருக்கு என்ன கேடு வந்தது என்பதையும் என் கையால் எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் இசக்கியிடம் நான் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை என்று உறைத்தது. ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தேன், தீபாவளிக்குத் துணி எடுத்தேன், ஆனால் வாயால் கேட்கவில்லை. போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அந்த மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பாது, மூட்டை தூக்குவதை எப்போதோ விட்டுவிட்டான். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க இசக்கி என்றேன். அவன் அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். பிறகு, “இத்தனை வருசமா நீங்க கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் அண்ணே. கனடாவுக்காகத்தான் கேக்கறீங்களா?” என்றான். அதுக்காகத்தான் வந்தேன், ஆனால் இப்போது அதற்காகக் கேட்கவில்லை என்றேன். அவன் நம்பினானா தெரியாது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னான்.

அம்மா காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட வேண்டும், தானாகப் போடமாட்டாள், நீதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர்க் குளிருக்கு நம் ஊட்டி ஸ்வெட்டர் போதாது என்று மாப்பிள்ளை சொன்னார், அவளுக்கு ஒரு நல்ல கோட்டு பார்த்துக் கொடு. பனியில் வழுக்கும், நீ வெளியே நடக்காதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம், என் தப்பை மறைக்க மட்டும் நீ பொய் சொல்ல வேண்டாம்.

குறிஞ்சி ஆண்டவர் துணையால் உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். இதைப் படித்துவிட்டுக் கோபம் வந்தால் கூப்பிட்டுத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பேசவே பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, குழந்தை பிறந்ததும் போனை அதன் பக்கத்தில் வை. அது அழுகிற சத்தம் கேட்டால் அதன் அம்மாவைப் பெற்ற இந்த அப்பிச்சிக்குப் போதும்.

உன் அப்பா
செல்லதுரை