நீச்சல் தொப்பியின் நீலம்

அருமை மகள் வாலுக்குட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் உடம்பு, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், மொத்தமாக நலம் என்று நீ எழுதினால் நம்பமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு மனது சரியில்லை. குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரையும் வேலை உனக்குக் கிடைத்தபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். இப்போது நீ, "எதை வரைஞ்சாலும் போன்ல யாரோ போட்ட படம் மாதிரியே இருக்குப்பா, என்னால முடியாதுன்னு மாசக் கடைசியில பதிப்பகத்துக்கு எழுதிடப் போறேன்" என்கிறாய். அதற்கு நான் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்தேன்.

அதனால் இங்கே நான் அடித்த கூத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் சிரி. பல் டாக்டர் ஒருவர் தன் புது கிளினிக்குக்குப் பெயிண்ட் அடிக்க என்னைக் கூப்பிட்டார். வேண்டிய நிறத்தைப் போனில் அனுப்பினார், நானும் போனைப் பார்த்தே கலந்து இரண்டு கோட்டிங் அடித்து முடித்தேன். மறுநாள் வந்தவர் வாசலிலேயே நின்று, "நான் நீலம்தானே கேட்டேன், இது பச்சையா இருக்கே" என்றார். முப்பது வருஷமாக பிரஷ் பிடிப்பவனிடமா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். போனை நீட்டிக்கொண்டு, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அரை மணி நேரம் நின்றேன். அவர் தன் போனைப் பக்கத்தில் வைத்தார். அதில் நீலம், என்னுடையதில் பச்சை. கண் எரிகிறது என்று நான் புலம்பியதால் அம்மா என் போன் திரையை மஞ்சளாக மாற்றி வைத்திருக்கிறாள், அது எனக்கே மறந்துபோச்சு. "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்களே, அது நீங்கதான்" என்று இன்னும் சிரிக்கிறாள், செய்தது யார் என்பதை மறந்துவிட்டு.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போன் வேண்டாம், அந்த நிறத்தில் கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றேன். மனிதர் வீட்டுக்குப் போய் வெளுத்துப்போன நீச்சல் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயதில் நீச்சல் கற்றாராம், முதல்முதலாக மூழ்காமல் மிதந்த அன்று தலையில் இருந்த தொப்பி. "போன்ல அனுப்பினது இந்த நிறம்கூட இல்லைங்க, ஆனா எனக்கு வேண்டியது இதுதான்" என்றார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கலந்து மறுபடி அடித்தேன். நோயாளிகளின் நாற்காலியில் தானே படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தாரே, அதற்காக மூன்றாம் தடவையும் அடிக்கலாம். இப்போது யார் கூப்பிட்டாலும் பொருளைக் கொண்டுவாருங்கள் என்கிறேன். ஒரு டீச்சர் தேய்ந்த அழிரப்பர் கொண்டுவந்தார். போன வாரம் ஓர் அம்மாள், கணவர் சட்டையின் நிறம் வேண்டும் என்று சட்டையோடு கணவரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். காலையில் கிளம்பும்போதே இன்றைக்கு என்ன வருமோ என்று சந்தோஷமாக இருக்கிறது. போன் பையில் கிடக்கிறது, மணி அடித்தால் எடுக்கிறேன்.

உனக்கு உபதேசம் செய்யக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சுவருக்கு அடிப்பவன் படம் வரைபவளுக்கு என்ன சொல்ல? ஒன்றுதான். அந்தத் தொப்பியின் நீலம் சரியாக வருவதற்குள் எட்டு தடவை தப்பாக வந்தது, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன அட்டையில் தடவிப் பார்த்தேன். எட்டையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். தப்புதான், ஆனாலும் எவன் போனிலும் இல்லாத நீலம், உன் அப்பன் கலந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு நாள் போனை அணைத்துவிட்டு, உன் அறையில் கண்ணில் படுவதை அதில் வரைந்து பார். அதன் பிறகும் முடியாது என்று தோன்றினால் பதிப்பகத்துக்கு எழுதிவிடு, இந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம். நீ வரைந்தாலும் வரையாவிட்டாலும் எங்களுக்கு உயிர்தான். எட்டு அட்டையும் தீருவதற்கு முன்னால் மட்டும் எழுதாதே.

வயிறும் மனதும் நிறைந்து நீ நூறு வயது இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வரைந்ததை, நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தபாலில் போடு. புதிதாகப் பெயிண்ட் அடித்த கூடத்துச் சுவரில் எட்டு ஆணி அடித்துவிட்டேன், அதற்காக அம்மாவிடம் திட்டும் வாங்கியாகிவிட்டது.

என்றும் உன்
அப்பா