ஏழு பெட்டிக் கார்டு

கொட்டாஞ்சேனை, கொழும்பு.
1947 பெப்ரவரி 9, ஞாயிறு.

அன்பு மகள் றஸ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். இங்கே உம்மாவும் நானும் சுகம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் லுத்பியா சாச்சி கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் வருவதை உன் மாமியார்தான் முதலில் உடைத்துப் படிக்கிறார் என்று சாச்சி சொன்னாள். நீ தனியே இருக்கும்போது வாசி.

முதலில் கந்தோர் வேலைப் புதினம். மூன்று மாதமாக என்னை மேசையிலிருந்து எழுப்பி, வீட்டு வசதி விசாரணைக்கு விட்டிருக்கிறார்கள். கொச்சிக்கடைப் பக்கத்துத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது வேலை. தோட்டம் என்று பெயர்தான், ஒரு செடி கிடையாது. நாற்பது வீட்டுக்கு ஒரு பைப். வெயிலில் அலைந்து என் தொப்பி நிறம் மாறிவிட்டது, உம்மா அதை வீட்டுக்குள் வைக்க விடுகிறாளில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி, தண்ணீர் வசதி உங்களுக்கு எப்படி என்பது. பதிலுக்கு ஐந்து பெட்டி: மிக நல்லது, நல்லது, நடுத்தரம், மோசம், மிக மோசம். எங்கள் அதிகாரி யோகநாதன் லண்டனில் படித்து வந்தவர், அங்கே இப்படித்தான் கேட்கிறார்களாம். எங்கே ‘மோசம்’ அதிகமோ அங்கேதான் புதுப் பைப் போடுவார்கள். இருநூற்றுப் பதினான்கு வீடு கேட்டு முடித்துக் கூட்டிப் பார்த்தால், மோசம் என்று சொன்னவை பதினொன்று. அப்படியானால் இந்தத் தோட்டங்களுக்குப் பைப் வேண்டாம் என்று அதிகாரி பென்சிலை வைத்துவிட்டார்.

தவறு என்னுடையது, மகள். பைறோஸா என்று ஒரு பெண், புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். திரைக்குப் பின்னால் நின்று, அல்ஹம்துலில்லாஹ், அல்லாட காவல்ல ஒரு கொறையும் இல்ல, நானா, என்று சொன்னாள். நான் முதல் பெட்டியில் புள்ளடி போட்டேன். பக்கத்து வீட்டு டோரின், அந்தோனியார் புண்ணியத்தில நல்லாத்தான் இருக்கிறம் என்றாள். அதற்கும் முதல் பெட்டி. நம்மவர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் முதலில் படைத்தவனுக்கு நன்றி சொல்வார்கள், வயிற்று வலியோடு கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாதா? தெரியும். பெட்டியைக் கண்டதும் மறந்துவிட்டேன்.

படிவத்தில் ஒரு கையொப்பம் விட்டுப்போனதால் பைறோஸா வீட்டுக்குத் திரும்பப் போனேன். லுஹர் தொழுகை நேரம். அவள் புருஷன் கைகால் கழுவி ஒழுச் செய்யத் தண்ணீர் இல்லாமல், சுவரில் கையைத் தட்டி முகத்தில் தடவித் தயம்மும் செய்துகொண்டிருந்தார். தண்ணீர் கிடைக்காத பாலைவனத்துப் பயணிக்குத் தந்த சலுகையை, கடலுக்கு இருநூறு கஜம் தள்ளி ஒரு மனிதர் எடுத்துக்கொள்கிறார். அவர் வீட்டுப் படிவத்தில் நான் ‘மிக நல்லது’ என்று போட்டிருக்கிறேன். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, நல்ல மனிதர். நடுப்பெட்டியை எடுத்துவிட்டுக் கேட்டுப் பார்ப்போம் என்றார். எடுத்தோம், நடுவில் நின்றவர்களும் ‘நல்லது’ பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு, பள்ளிக்கூடத்தில் போல பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கச் சொன்னார். ஒரு கிழவி, அல்லா தந்ததுக்கு நான் மார்க் கொறைக்கவா என்று என்னை ஏசிவிட்டுப் பத்துக்குப் பத்துப் போட்டாள். கடைசியில் நான் சொன்னேன்: எப்படி என்று கேட்க வேண்டாம், ஐயா, போன ஏழு நாளில் எத்தனை நாள் பைப்பில் தண்ணீர் வந்தது என்று கேட்போம். ஏழு பெட்டி போட்டு, வந்த நாளுக்கு ஒரு புள்ளடி. நாளை எண்ணிச் சொல்வதில் யாரும் நன்றி கெட்டவர் ஆகிவிட மாட்டார்கள். பைறோஸா யோசிக்காமல், ரெண்டு நாள், நானா, அதுவும் விடியச் சுபஹுக்கு முந்தி என்றாள். இப்போது அந்தத் தோட்டம் பட்டியலின் தலையில் நிற்கிறது.

இனி நம் விஷயம். கலியாணமாகிப் பதினொரு மாதம், உன்னிடமிருந்து பதினொரு கடிதம். எல்லாவற்றையும் நேற்று எடுத்து வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி, அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்லை வாப்பா. ஒவ்வொன்றையும் உம்மாவுக்கு உரக்க வாசித்து, பார்த்தாயா, பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொன்னவன் நான்தான். நம் வழக்கப்படி மாப்பிள்ளை நம் வீட்டுக்குக் குடிவந்திருக்க வேண்டும். கடை இருக்கிறது, தாயார் தனி என்று அவர்கள் சொன்னதும் உன்னை அனுப்பி வைத்தவனும் நான்தான்.

போன மாதம் அங்கே கலியாண வீட்டுக்கு வந்த சாச்சி பார்த்ததைச் சொன்னாள். உன் மாமியும் மதினிமாரும் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, உன்னை யாரும் கூப்பிடவில்லையாம். எல்லாரும் எழுந்த பிறகு நீ குசினியில் சட்டியை வழித்துச் சாப்பிட்டாயாம். உன் கையில் வளையல் தொளதொளவென்று கிடந்ததாம். கேட்டதற்கு, சுகம் சாச்சி என்று சிரித்தாயாம். உம்மாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே உன்னிடம் எப்படி இருக்கிறாய் என்று இனிக் கேட்க மாட்டேன். இத்துடன் பன்னிரண்டு தபால் கார்டு இருக்கிறது. என் கந்தோர் விலாசம் எழுதி, ஏழு பெட்டி தட்டச்சில் அடித்திருக்கிறேன். கேள்வி கார்டில் இல்லை, இங்கேதான் இருக்கிறது: போன ஏழு நாளில் எத்தனை நாள் மற்றவர்களோடு உட்கார்ந்து வயிறாறச் சாப்பிட்டாய்? சாப்பிட்ட நாளுக்கு ஒரு புள்ளடி, வேறு ஒரு சொல்லும் வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் தபால்காரரிடம் கொடு. மாமி கேட்டால், வாப்பாவின் கந்தோர்க் கார்டு என்று சொல். அது பொய்யில்லை.

ஏழும் நிறைந்து வந்தால் உன் மாமியாரை மனதில் தவறாக நினைத்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்வேன். நான்குக்குக் குறைந்தால் மறுநாள் காலை கோட்டை ஸ்டேஷனில் உன் ஊருக்கு ரயில் ஏறுவேன். சண்டை பிடிக்க அல்ல. அழைத்துவர. மாப்பிள்ளைக்கு விருப்பமென்றால் அவரும் வரட்டும், வழக்கம் அதுதானே. முன் அறையில் வைத்திருந்த என் படிவக் கட்டுகளை இன்று காலை வெளியே எடுத்துவிட்டேன். உம்மா ஏன் என்று கேட்டாள், கரையான் என்றேன்.

ஒன்று மட்டும் நினைவில் வை. பதில் வராத வீட்டைக் குறையில்லாத வீடு என்று எழுத எங்களுக்கு அனுமதி இல்லை. அங்கே ஆள் நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைப்பானாக. புள்ளடியை அழுத்திப் போடு மகள், வாப்பாவுக்குக் கண் மங்கல்.

உன் வாப்பா,
மக்கீன்