தொங்கும் எடையைத் தூக்கியவர்

எங்கிருந்தாலும் காது கொடு, என் ஸ்டெல்லாக்கா,

உன் மகள் ஜெனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். மாரண்டஹள்ளிச் சாலையில் அவள் ஸ்கூட்டியை லாரி தட்டிவிட்டது. இடுப்பெலும்பில் தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணம் உடைந்து, தலை வெளியே நழுவிவிட்டது. மயக்கம் கொடுத்து டாக்டர் அதை உள்ளே தள்ளினார். மறுபடி நழுவாமலிருக்க முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி செருகி, கயிறு கட்டி, கட்டில் விளிம்பில் எடை தொங்கவிட்டார்கள். பிறகு பிளேட் வைத்து ஆபரேஷன் என்றார்கள்.

நான் காப்பி வாங்கப் போன நேரம் அவள் வலியில் அலறியிருக்கிறாள். உன் வீட்டுக்காரர் அந்த எடையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டார். கொஞ்சம் அமைதியாக இருந்தாளாம். சற்றுப் புரண்டதும் எலும்பின் தலை மறுபடி வெளியே.

"யாருங்க இதத் தூக்கி வெச்சது?" டாக்டரின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"நாந்தாங்க. புள்ள காலக் கட்டி இழுத்தா எந்தப் பெத்தவன் பாத்துக்கிட்டு நிப்பான்?"

அவள் தும்மினாலே தூங்காத மனுஷன். மாமாவை நான் எப்படித் திட்டுவேன்?

திரும்பவும் மயக்கம் கொடுத்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ரத்த ஓட்டம் கெட்டிருந்தால் அந்த எலும்பே செத்துப்போகுமாம், இப்போதைக்குத் தெரியாதாம். நாளைக் காலை ஆபரேஷன். ஜெனியே கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாமாவோ அவளை நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போய் எலும்புக் கட்டுப் போடுவேன் என்கிறார்.

"உங்கக்கா கை ஒடைஞ்சப்ப கட்டுதானம்மா சேத்துச்சு?"

உன் கை கூடியது உண்மைதான். கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டலாம். இடுப்புக்குள் ஆழத்தில் கிடக்கும் கிண்ணத்தை எந்தத் துணி பிடித்து நிறுத்தும்? சொன்னால் கேட்கவில்லை. வண்டி பேசப் போயிருக்கிறார்.

ஜெனிக்குச் சிரிப்பு வேறு. "கட்டிலோடதான் சித்தி தூக்கோணும். கட்டில்ல நம்பர் இருக்குது, அப்பாவத் திருடன்னு புடிச்சுக்குவாங்க." சிரித்த வாய் கோணியது. "சித்தி, நான் நடப்பனா?"

நீ உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நீ சொன்னால் மாமா கேட்பார். என்னுடையது வெறும் கொழுந்தியாள் பேச்சு. ஏனக்கா போனாய்?

அவள் நடப்பாள் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. ஆனால் வண்டி வந்து நின்றாலும் வார்டு கதவை மறித்து நான் நிற்பேன். மாமா கையை ஓங்கினாலும், இனி உறவே வேண்டாம் என்றாலும், அவளை ஆபரேஷனுக்கு உள்ளே அனுப்பிவிட்டுத்தான் நகர்வேன். அதை மட்டும் நம்பு.

உன் தங்கை,
உன் மகளுக்கு மிச்சமிருக்கும் அம்மா,
ரோஸி