நாலாம் இலக்கப் போத்தல்

நவம்பர் 3, திங்கள்

விடியவிடிய மழை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். நேற்று ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலையில் கல்லறைகள்மேல் கொளுத்தின மெழுகுதிரி எல்லாம் இப்போது வெள்ளத்தில் மிதக்கும்.

ஹோட்டலில் இந்த வாரம் வேலை: புதிதாக வெளிவந்த ஐந்து வைன்களையும் ருசி பார்த்து, டிசம்பர்க் கலியாணங்களுக்கு மேசையில் வைக்க ஒன்றைத் தெரிவுசெய்வது. விலை கட்டுப்படியாக வேண்டும். குடிக்கிறவர்கள் முகம் சுளிக்கவும் கூடாது. முகாமையாளர் சிவகௌரி சுத்த சைவம், போத்தலைத் தொட்டாலே கை கழுவுகிற பிள்ளை. அதனால்தான் எனக்குச் சம்பளம். பயணிகள் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் வைன் ஊற்றின ஆள் நான். இப்படி ஒரு நாக்கு குருநகரில் வேறு யாருக்கும் இல்லை. பெருமைதான். இதை யார் வாசிக்கப் போகிறார்கள்.

நாளைக்கு நாக்கைச் சுத்தமாக வைத்திருக்க:
– இரவு தூள் போட்ட கறி இல்லை. இடியப்பம், சொதி.
– வெற்றிலை இல்லை. இதுதான் கஷ்டம்.
– போத்தல்களைப் பத்திரிகைத் தாளால் சுற்றி, மேலே இலக்கம் மட்டும். சுற்றுவது சிவகௌரி. எது எதென்று எனக்குத் தெரியக் கூடாது.
– விழுங்குவதில்லை. வாளி கொண்டுபோக.

நவம்பர் 4, செவ்வாய்

காலை பத்து மணி. மழை விட்டும் விடாமலும். சிவகௌரி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தியபடி பக்கத்தில் நின்றார்.

"காசு குடுத்து வாங்கிப்போட்டு ஏனண்ணை வாளிக்குள்ளை துப்புறியள்?"

"விழுங்கினால் மூண்டாவது கிளாஸோடை எல்லாம் நல்ல வைனாப் போயிடும், தங்கச்சி."

முடிவு, இருபது புள்ளிக்கு:

1 – வெளிநாட்டுச் சரக்கு, கொழும்பில் அடைத்ததாக இருக்க வேண்டும். மணம் நல்லம். வாய்க்குள் போனால் தண்ணீர். 11.

2 – நெல்லி. புளிப்பு காதுவரை ஏறுகிறது. 8. நோயாளிக்குக் கொடுக்கலாம்.

3 – நம்மூர் முந்திரிகை, அதாவது திராட்சை. சீனியை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் இருமல் மருந்து. 9.

4 – இதுவும் நம்மூர் முந்திரிகைதான், கறுப்பு. ஆனால் இது வேறு. இனிப்பு, ஆனால் சீனி இனிப்பில்லை. நாக்கில் ஒட்டவில்லை. புளிப்பு எங்கேயும் குத்தவில்லை, முழுக்க உருண்டை. இரண்டாம் தரம் வாயில் விட்டேன். விதியை மறந்து விழுங்கிவிட்டேன். 17. இந்த ஊர் வைனுக்கு நான் பதின்மூன்றுக்கு மேல் போட்டதே இல்லை.

5 – அன்னாசி. மலிவு. நன்றாகக் குளிர வைத்தால் குறை தெரியாது. 12.

தாள்களை உரித்தோம். நாலாம் இலக்கம் அல்போன்ஸின் வைன்! என் தங்கை ரெஜினாவின் மனுஷன். விலையைப் பார்த்தால் ஐந்தில் இரண்டாவது மலிவு.

சிவகௌரி சிரித்தார். "மச்சானுக்கெண்டு போடேல்லைத்தானே அண்ணை?"

"தாளைச் சுத்தினது நீங்கள்தானே!"

நவம்பர் 5, புதன்

மழை. குடையில் ஒரு கம்பி முறிவு.

அல்போன்ஸைப் பற்றி (இனி அ.): கடலை விட்டு இரண்டு வருஷம். படகை விற்றார், இயந்திரத்தை விற்றார், வலைகளை மட்டும் விற்க மனம் வரவில்லை. வலிகாமத் தோட்டங்களில் முந்திரிகை வாங்கி, வீட்டுக் கோடியில் கொட்டில் போட்டு வைன் வடிக்கிறார். அலைந்து திரிந்து அனுமதிப்பத்திரம் எடுத்தார். சித்திரையில் வடித்த முதல் பீப்பா வீட்டுப் பாவனைக்கு. ஆவணியில் வடித்ததுதான் இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது. லேபிளில் 'திராட்சை' என்று அச்சடித்திருக்கிறார். கொழும்பு ஆட்களுக்காகவாம்.

தொழில் சொல்லிக்கொடுத்தது நான்தான். பழம் நசிப்பது, நுரைப்பது, வடிப்பது எல்லாம்.

இனிப்பு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அ.வுக்குப் போன் எடுத்தேன்.

"சீனி எவ்வளவு போட்டனீர்? உண்மையைச் சொல்லும்."

"ஒரு கரண்டி கூட இல்லை அண்ணை. மாதாவாணை. நுரைக்க வைக்கேக்கை போட்டதுதான். அது முழுக்க எரிஞ்சு போச்சு."

மாதாவாணை என்றால் அ. பொய் சொல்ல மாட்டார். ஆனாலும் ஹோட்டலில் இருக்கிற கண்ணாடி மிதவையை விட்டுச் சீனி அளந்தேன். இல்லை. மூன்று தரம் அளந்தேன். சொட்டுச் சீனி இல்லை.

ஒன்றில் மிதவை பொய். அல்லது என் நாக்கு.

நவம்பர் 6, வியாழன்

ஒன்றுமில்லை. சளி. நாக்குக்கு விடுமுறை.

நவம்பர் 7, வெள்ளி

பின்னேரம் தங்கை ரெஜி வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு மூன்று மாதம். எட்டு வருஷம் மடு மாதா கோயிலுக்கு நடந்து கிடைத்த பெண்பிள்ளை. ரெஜிக்கு நாற்பது. தூக்கினேன். பாரமே இல்லை. போன மாதம் தூக்கின அதே பாரம். அழுகைதான் கூடியிருக்கிறது.

ரெஜி சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி வெளிறிப்போய் இருக்கிறாள்.

"மிட்வைஃப் இரத்தம் காணாதெண்டு சொன்னவ அண்ணை. குளிசை தந்தவ. ஒரு மாசமாப் போடுறன், ஏறுதில்லை. வயித்துக்குள்ளை வேறை முறுக்கி முறுக்கி வலிக்குது."

"பிள்ளைப்பெத்த உடம்பு. போகப்போகச் சரிவரும்."

"அதுக்குத்தான் இவர் வைன் தாறவர். காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். இரத்தம் ஊறுமெண்டு நீங்களும் சொன்னனீங்கள்தானே?"

ஓம், சொன்னேன். அம்மாவுக்கும் பிள்ளைப்பெறுவோடு இதைத்தான் கொடுத்தார்கள். முன்பு ஒரு வேளை. இரத்தம் காணாது என்றதிலிருந்து இரண்டு வேளை.

சிரித்தபோது பார்த்தேன், பல்லைச் சுற்றின முரசின் ஓரமாக நீலமும் கறுப்புமாக ஒரு கோடு. இரும்புக் குளிசை பல்லைக் கறுப்பாக்கும் என்பது தெரிந்ததுதான்.

பலாக்காய்க் கறி தந்தாள். அரைவாசி சாப்பிட்டேன். நல்ல கறி, என்னவோ இறங்கவில்லை.

நவம்பர் 8, சனி

நாலாம் இலக்கத்தை இன்னொரு தரம். இந்த முறை வேண்டுமென்றே விழுங்கி, ஒன்றும் சாப்பிடாமல் அரை மணித்தியாலம் இருந்தேன். முதலில் அதே இனிப்பு. அது போன பிறகு, நாக்கின் அடியில் வேறொன்று. துருப்பிடித்த பழைய பூட்டுத் திறப்பை வாயில் வைத்தது போல.

எனக்குத் தெரிந்த ருசி. எங்கே என்று வரவில்லை. வைனில் இல்லை, கப்பலிலும் இல்லை, அதற்கும் முந்தி. பகல் முழுக்கத் தேடினேன். ஆளின் முகம் தெரிந்து பெயர் வராத எரிச்சல்.

அரைப் புள்ளி வெட்டினேன். 16½.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். கூரை ஒழுக்கு, மூன்று வாளி.

ரெஜி பூசைக்கு வரவில்லை. படி ஏறினால் இளைக்கிறதாம்.

நவம்பர் 10, திங்கள்

அறிக்கை கொடுத்தேன். ஒரு பக்கம், ஆறு வரி. தரத்துக்கும் விலைக்கும் நாலாம் இலக்கம் முதலாவது, அன்னாசி இரண்டாவது. திறப்பு ருசியை எழுதவில்லை. கலியாண வீட்டில் பிரியாணியோடு குடிக்கிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது. உண்மை அதுவல்ல. மச்சானின் பிழைப்பில் கை வைக்க மனம் வரவில்லை.

சிவகௌரி அந்த இடத்திலேயே ஐந்து பெட்டிக்குச் சொன்னார். டிசம்பருக்குக் காத்திராமல் வரும் சனிக்கிழமைக் கலியாணத்திலிருந்தே தொடக்கம்.

அ. போனில் அழுதுவிட்டார். "நீங்கள் இல்லாட்டில் நான் இண்டைக்கும் வெறுங்கையோடை கரையிலை நிண்டிருப்பன் அண்ணை."

சந்தோஷப்பட வேண்டிய நாள். அந்தத் திறப்பு ருசிதான் மனதை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 12, புதன்

அ. பெட்டிகளோடு வந்தார். ஓட்டோவிலிருந்து இறக்கும்போது ஒரு போத்தல் கையை விட்டுப் போய் விழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று.

"என்ன, காலமையே ருசி பாத்திட்டீரோ?"

சிரிக்கவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்குகிறது. தூக்கச் சொன்னேன், தூக்க ஏலவில்லை.

"மூண்டு கிழமையா இப்பிடித்தான் அண்ணை. வாடைக்காத்து வாதமெண்டு பரியாரியார் எண்ணெய் தந்தவர். முந்தி இந்தக் கையாலை தனியா வலை இழுத்தனான்."

"ரெஜிக்குச் சொன்னனீரோ?"

"அவளுக்கு ஏன். அவளே பாவம்."

நிலத்தில் சிந்தின வைனைச் சுற்றி எறும்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மழை ஈரமாக இருக்கலாம். எழுத வேண்டும் போல் இருந்தது, எழுதுகிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். ஒட்டி இரண்டு, விளை ஒரு கிலோ என்று நினைத்துக்கொண்டு போனது. வாங்கவில்லை.

கரையில் கிழவர் ஒருவர் வலை திருத்திக்கொண்டு இருந்தார். வலையின் அடிக் கயிற்றில் ஈயக்குண்டு ஒன்றைச் செருகி, பல்லால் கடித்து நெரித்தார். பிறகு அடுத்தது. நாங்களும் சின்ன வயதில் அப்பாவுக்கு அப்படித்தான் கடித்துக் கொடுப்போம். வெள்ளை பூத்த பழைய ஈயம் என்றால் எனக்கு விருப்பம், அது இனிக்கும். இனிப்புப் போன பிறகு பழைய திறப்பு.

நாலாம் இலக்கத்தின் ருசி. ஈயம்.

கப்பலில் கிழட்டு வைன்காரர் ஒருவர் ஒரு நாள் சொன்னது அப்போதுதான் வந்தது. அந்தக் காலத்தில் ஈயச் சட்டியில் சாற்றைக் காய்ச்சி வைனை இனிப்பாக்கினார்களாம். குடித்தவர்கள் இரத்தம் வற்றி, வயிறு முறுக்கி, கை விழுந்துபோய்ச் செத்தார்களாம். அன்று அது ஒரு கதை.

ரெஜியின் இரத்தம். ரெஜியின் வயிறு. அ.வின் கை.

அப்படியே சைக்கிளில் கொட்டிலுக்கு. அ. நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"நுரைக்கேக்கை தோல் மேலை மிதக்குமே, அதை என்னத்தாலை அமுக்கி வைச்சனீர்?"

முகம் மலர்ந்தது அவருக்கு. கேட்க மாட்டார்களா என்று இருந்திருக்கிறார். "அதுதான் அண்ணை என்ரை மூளை! வாங்கோ காட்டுறன்."

இடது கையால் பீப்பாவின் மூடியைத் தூக்கினார். உள்ளே அடுத்த வடிப்பு. மேலே, சாற்றுக்கு ஒரு விரல் கீழே, பீப்பா வாய்க்கு அளவாக வட்டமாய் வெட்டின வீச்சுவலை. சுற்றிவர ஈயக்குண்டு. பழத் தோல் ஒன்றுகூட மேலே வரவில்லை, அவ்வளவு வடிவான வேலை. கையை விட்டு ஒரு குண்டை எடுத்துப் பார்த்தேன். உப்பு அரித்தது போல் பாதியாகத் தேய்ந்திருந்தது.

"கல்லு வைச்சால் ஒரு பக்கம் சரிஞ்சிடும் அண்ணை. இது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்கும். எந்த நேரமும் சாத்துக்குள்ளை அமுங்கி இருக்க வேணுமெண்டு நீங்கள்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னனீங்கள்?"

ஓம். விரலை உயர்த்திக்கொண்டு சொன்னேன். எதால் என்று சொல்லவில்லை. வலைக்காரன் கையில் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை.

"சித்திரையிலையும் இதுதானோ?"

"அதே வலைதான். ஏனண்ணை? ஏன் முகம் இப்பிடிப் போகுது?"

சொன்னேன். முதலில் விளங்கவில்லை. பிறகு தன் வலது கையைத் தூக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு நிலத்தில் இருந்துவிட்டார்.

சிவகௌரிக்குப் போன் எடுத்தேன். ஐந்து பெட்டியையும் பூட்டி வைக்கச் சொன்னேன், ஒருவருக்கும் ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம் என்று. வேறு எந்தக் கடைக்குப் போனது என்று அ.விடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்குக் கலியாணம் அண்ணை! நீங்கள்தானே பதினாறரை போட்டனீங்கள்?"

போனை வைத்துவிட்டு அ.வைக் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அதே நாள், ஆஸ்பத்திரி விறாந்தை, பின்னேரம்

வாங்கில் இடமில்லை. நின்றபடி எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன். ரெஜி, அ., பிள்ளை மூன்று பேருக்கும் இரத்தம் எடுத்துவிட்டார்கள். பிள்ளையின் காலில் நரம்பு தேடி நாலு தரம் குத்தினார்கள். டொக்டர் பொடியன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தான். பெரியவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமோ?" ஓம் என்றேன். எழுதிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்கள் கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் ஓடினபோது ரெஜி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்துக் கதிரையில் சின்னக் கிளாஸ், வெறுமையாக, அடியில் சிவப்பு. பிள்ளை மடியில் நித்திரை, வாயோரம் பால். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் அவள் கவனிக்கவில்லை. நாங்கள் வாய் திறக்க முந்தி அவள் சொன்னாள், அவ்வளவு சந்தோஷமாக.

"சத்தம் போடாதேங்கோ அண்ணை, இப்பதான் படுத்தவள். இண்டைக்குத்தான் வயிறு நிறையக் குடிச்சவள்."