மூன்று மாத டெபாசிட்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி தேவலையா? நான் சுகம்.

தங்கமா, ஷேரா, டெபாசிட்டா என்று மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதைக் கேட்டுவர செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

"போன வாரமே டெபாசிட் போட்டுட்டீங்களே! வருஷக்கணக்குல வேண்டாம், மூணு மாசம் போதும், பணம் வீட்டுக்காரருக்கே போகட்டும்னு சொன்னீங்க. விரல் கட்டைப் பிரிச்சாச்சா?"

அவள் எடுத்துக் காட்டிய படிவத்தில் கையெழுத்து என்னுடையதேதான். ஆனால் போன வாரம் முழுக்க நான் தையல் ஆலையை விட்டு வெளியே வரவில்லை; விரலில் கட்டும் இல்லை. என் பேரில் வந்து போட்டவள் யாரோ, என்னைவிடக் கெட்டிக்காரி. பயப்படாதீர்கள், பணம் பத்திரம்.

பாப்பாவின் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், துவைக்காமல். ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை மெஷின் ஊசி ஏறி, விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன்.