கறுப்பு டேப் சுற்றிய வேக்குவம் குழாய்

அஸ்ரூ, நவம்பர் 1994

மகன் ஹத்தூவுக்கு உன் அம்மா யம்னா சொல்வது. உன்மேல் அமைதி உண்டாகட்டும். நீ நலமா என்று கேட்கத்தான் வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அது உன் தயவால் அல்ல. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ரப்ஹா எழுதுகிறாள், ஒரு சொல்லைக் குறைத்து எழுதினாலும் கிழித்துப் போட்டு மறுபடி எழுத வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நிச்சயமாகியிருக்கிறது, வசந்தத்தில் கல்யாணம். மூத்த ஆட்டுக்குக் கால் நொண்டுகிறது. மலையில் பனி விழுந்துவிட்டது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், இனி உன் செய்தி.

கோடையில் நீ வந்திருந்தபோது அப்பாவின் டாக்ஸி சாவியைத் திருப்பினாலும் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது, நினைவிருக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்கி பானெட்டைத் தூக்கி உள்ளே கையைவிட்டு என்ஜினை நிறுத்தும் பிடியை அமுக்கித்தான் நிறுத்தினார். என்ஜினை அணைக்கக் காற்றை உறிஞ்சும் வேக்குவம் குழாய் வெடித்திருக்கிறது, பிரேக்குக்கும் அதே குழாய்தான் போகிறது, மெக்னேஸ் நகரத்துக்குப் போய் வேறு வாங்கி வருகிறேன் என்றார். நீதான் விடவில்லை. "பிரான்ஸ்ல, லில்லுல நான் தினமும் பண்ற வேலைப்பா இது. நீங்க போய்ச் சாயுங்க" என்றாய். அவர் போய்ச் சாய்ந்தார். ரேடியோ ஒயருக்கு என்று என்னிடம் கறுப்பு டேப் கேட்டாய், கொடுத்தேன். மாலையில் "பிரான்ஸ் குழாய் போட்டிருக்கேன், இனி வண்டிக்குத்தான் வயசாகும், குழாய்க்கு ஆகாது" என்று சொல்லி அவர் தோளில் தட்டினாய். சாவியைத் திருப்பினார், வண்டி நின்றது. அந்த மனுஷன் டாக்ஸி ஸ்டாண்டில் யாரைப் பார்த்தாலும் என் மகன் போட்ட குழாய், என் மகன் போட்ட குழாய் என்று சொல்லித் திரிந்தார். நீயும் கப்பல் ஏறிவிட்டாய்.

சென்ற மாதம் நானும் அந்த வண்டியில்தான் மெக்னேஸுக்குப் போனேன். முன்னால் நானும் கைக்குழந்தையோடு ஒருத்தியும், பின்னால் நாலு பேர். எல்ஹாஜெப் ஊரைத் தாண்டி இறக்கத்தில் உன் அப்பா பிரேக்கில் கால் வைத்தார், அது இறங்கவில்லை. கல்லை மிதிப்பது போல இருந்தது என்று பிறகு சொன்னார். சீட்டிலிருந்து எழும்பி இரண்டு காலாலும் நின்று மிதித்தார், கியரைக் குறைத்தார், என்ஜின் கதறியது. பின்னால் இருந்த ஆட்டு வியாபாரி "நிறுத்துய்யா, நிறுத்து, என் பிள்ளைங்க தெருவுல நிக்கும்" என்று அவர் காலரைப் பிடித்து இழுக்கிறான். எதிரே லாரி. உன் அப்பா வண்டியை ஓரத்து மண்மேட்டில் உரசவிட்டார், அது உரசிக்கொண்டே போய் நின்றது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, இறைவன் பெரியவன். வியாபாரிக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. எனக்கு முன்பற்கள் இரண்டு போயின. இந்தக் கடிதத்தில் காற்றுப் போகும் சொற்கள் இருந்தால் அதுதான் காரணம்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். மெக்கானிக் மொஹா எல்லா டிரைவர்களும் பார்க்க பானெட்டைத் தூக்கினான். பிரான்ஸ் குழாய் எங்கே? அதே பழைய குழாய், வெடித்த இடத்தில் சூட்டில் இளகிப் பிசினாய் வழிகிற டேப். மொஹா அதை விரலில் ஒட்டி எடுத்துக் காட்டி, "எந்தக் கழுதைய்யா இதைச் சுத்துனது?" என்றான். உன் அப்பா, "நான்தான். மகன் போட்டது கழண்டுபோச்சு, நான்தான் பழசை மாட்டிச் சுத்துனேன்" என்றார். கேட்டுக்கொள், ஹத்தூ. ஸ்டாண்ட் தலைவர் பூஅஸ்ஸா அத்தனை பேர் முன்னால், "ஏழு உயிரை டேப்ல ஒட்டி ஓட்டிட்டு வந்தியா மீமூன்? இனி உன் வண்டி வரிசையில கடைசியா நிக்கட்டும்" என்றார். நான் பொறுக்காமல், "அது இவர் சுத்துனதில்ல, என் மகன் சுத்துனது, டேப் கொடுத்ததே நான்தான்" என்று கத்தினேன். உன் அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடிபட்டதுல இவளுக்குப் புத்தி கலங்கிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். என்னை, என் சொந்த ஊரில், பைத்தியக்காரி ஆக்கிவிட்டார். யாருக்காக? உனக்காக.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சுவரைப் பார்த்துச் சூப் குடிக்கிறார். மெக்னேஸுக்குப் பேருந்தில் போய்ப் பழைய சாமான் சந்தையில் அலைந்து சரியான குழாயைக் கொண்டு வந்தார், கனத்த சுவர் உள்ளது, தண்ணீர்க் குழாயைப் போட்டால் உறிஞ்சலில் சப்பையாகிவிடுமாம். வீட்டு வாசலிலேயே பழையதை அறுத்து எடுத்து, புதியதை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் கிளிப்பை முறுக்கினார். பிரேக்கை மிதித்துப் பார்த்துச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, வேறு யார் இருக்கிறார்கள்? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "மிதி" என்றார். ஏறி உட்கார்ந்து மிதித்தேன், என்ஜின் ஓடாததால் கல்லாய் இருந்தது. காலை எடுக்காதே என்று கையால் காட்டி, எட்டிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடத் தொடங்கியதும் என் காலுக்கடியில் பெடல் தானாகவே மெல்ல இறங்கியது. "இறங்குது" என்றேன். சாவியைத் திருப்பி அணைத்தார், என்ஜின் உடனே நின்றது. நன்றாக இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார், ஒருவரும் ஏறவில்லை.

ஆகவே உனக்கு ஒரே வேலை. ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் காபிக் கடைக்கு, பகல் தொழுகை முடிந்து டிரைவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போன் போடு. பூஅஸ்ஸாவைக் கூப்பிடச் சொல். டேப் சுற்றியது நீதான் என்று உன் வாயால் சொல். எனக்கு எழுதாதே, என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, என் பற்களுக்கு நீ விலை அனுப்ப வேண்டாம். அப்பாவிடம் அழவும் அழாதே, அவர் உன்னை உடனே மன்னித்துவிடுவார், அதுதான் எனக்குப் பயம். தங்கை கல்யாணத்துக்கு வரலாம், போன் போட்டிருந்தால். போடாவிட்டால் வாசலில் நான்தான் நிற்பேன்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், உனக்குச் சளி பிடிக்கும். இறைவன் உன்னைக் காக்கட்டும், நீ கை வைக்கும் வண்டிகளில் ஏறுகிறவர்களை அதற்கு முன்னால் காக்கட்டும்.

உன்னைப் பெற்றவள், அதை மாற்ற வழியில்லாதவள்,
யம்னா